வானிலை அறிக்கை 3 டிகிரி என்றது, தக்காளி ஏன் கருகியது?

நீங்கள் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், "அடுத்த வருடத்துக்கு எந்த மூடுதுணி வாங்கலாம்?" என்ற ஒரே கேள்விதான். கூடவே எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் உள்ளே வேறு கேள்விகள் இருக்கின்றன. குளிர் முடிந்துவிட்டது என்று நம்பித் தக்காளி, வெள்ளரி நாற்றுகளை வெளியே நட்டீர்கள். அன்று இரவு 3 டிகிரி வரைதான் இறங்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று நாற்றுகள் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினீர்கள். பூத்திருந்த சின்ன ஆப்பிள் மரத்தின் தலையில் ஒரு துணியைப் போட்டு அடிமரத்தோடு சேர்த்துக் கட்டினீர்கள். காலையில் நாற்றுகள் கருகிக் கிடந்தன. ஸ்ட்ராபெர்ரிப் பூக்களின் நடுவில் கறுப்புப் பொட்டு. ஆப்பிள் பூக்கள் பார்க்க நன்றாக இருந்தும் காய் பிடிக்கவில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாத இரவில் எப்படி உறைந்தது, போர்த்தியும் ஏன் பலிக்கவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் எந்தத் துணி வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும். குளிர்நாட்டுப் பழத்தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். வீட்டுத் தோட்ட அளவில் எது செல்லும், எது செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 3 டிகிரி. அறிக்கையில் வரும் வெப்பநிலை, வெயிலும் வானமும் நேராகப் படாத, காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்த கருவியின் அளவுக்கு உரியது. உங்கள் நாற்று நின்றது ஒரு சாண் உயரத்தில். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இந்த இரண்டு உயரங்களுக்கும் நடுவே 3, 4 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். சில இரவுகளில் அதற்கு மேலும் வரும். போதாததற்கு, வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும் இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட இன்னும் ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஆக, அறிக்கையில் 3 என்றால் இலையில் மைனஸ் 1, மைனஸ் 2 என்பது நடக்கக்கூடியதுதான். அறிக்கையில் தப்பில்லை, அது அளந்த இடம் வேறு. பூப் பூக்கும் பருவத்தில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே என்று அறிக்கை வந்து, வானமும் தெளிவாக இருந்தால், தரைமட்டத்தில் உறைபனி உண்டு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பகலில் மண் வெயிலை வாங்கிச் சூடாகிறது. இரவு முழுக்க அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பங்கு திரும்பி வரும். தெளிந்த வானத்திலிருந்து திரும்புவது குறைவு. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 முதல் 100 வாட் வரை தரை இழந்துகொண்டே போகும். தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழேயே தங்கிவிடுகிறது. அதே நேரத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் காற்று இதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். காற்று வீசினால் மேலும் கீழும் கலந்துவிடும். வீசாவிட்டால் குளிர் கீழே தேங்கும். இது ஒரு வகை. இன்னொரு வகையில், உறைநிலைக்குக் கீழே உள்ள காற்றே வேறெங்கிருந்தோ வீசிக்கொண்டு வந்து இறங்கும். அப்போது மேலே கீழே எல்லாம் ஒரே குளிர்தான். மண் சூட்டைப் பிடித்து வைக்கும் வழிகள் அன்றைக்குப் பெரிதாக உதவாது. தொட்டிச் செடிகளை உள்ளே தூக்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்லவேளையாக, பருவம் தப்பி வரும் உறைபனியில் பெரும்பாலானவை முதல் வகை. நீங்கள் விவரித்த இரவும், காற்றே இல்லை, நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது என்று சொல்வதால், அதுதான்.

அதனால் சாயங்காலத்தில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். வானம் தெளிந்திருக்கிறதா, காற்று அடங்கிவிட்டதா, பனிப்புள்ளி எவ்வளவு என்று பாருங்கள். பனிப்புள்ளி என்பது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. பெரும்பாலான வானிலைச் செயலிகள் இதையும் காட்டும். ஈரம் துளியாகப் படியும்போது வெப்பம் வெளியாகும் என்பதால், அந்தப் புள்ளியைத் தொட்டதும் குளிர்வது மெதுவாகிவிடும். அந்தி நேரத்தில் பனிப்புள்ளி 5 டிகிரி என்றால் நான் பெரும்பாலும் கவலைப்படாமல் தூங்கிவிடுவேன். மைனஸ் 3 என்றால், அறிக்கை 4 டிகிரி என்று சொன்னாலும் போர்த்துவேன். காற்று அவ்வளவு வறண்டிருக்கும் இரவில் வெப்பநிலை தடையில்லாமல் சரியும். காலையில் புல் மேல் வெள்ளையாக எதுவும் படியாமலேயே செடி கருகியிருக்கும். "பனியே பெய்யவில்லையே, எப்படிச் செத்தது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி இரவில் மாட்டிக்கொண்டவர்கள்.

மூடுதுணிக்கு முன்னால் வாங்க வேண்டியது, என்னைக் கேட்டால், இரவின் குறைந்தபட்ச அளவைப் பதிந்து வைக்கும் ஒரு சாதாரண தெர்மாமீட்டர். அதைச் செடியின் உயரத்தில், மேலே எந்த மறைப்பும் இல்லாமல், தோட்டத்தில் தாழ்ந்த மூலையில் வையுங்கள். சில தெளிந்த இரவுகளுக்கு அதன் அளவையும் அறிக்கையின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தால், உங்கள் தோட்டம் அறிக்கையைவிட எத்தனை டிகிரி கீழே போகிறது என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடத்துக்கு இடம் இது மாறும்; ஒரே தோட்டத்தின் இரண்டு முனைகளில்கூட மாறும். குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சரிவின் அடியில் அடைப்பான வேலியோ சுவரோ இருந்தால் அதன் மேல்பக்கத்தில் தேங்கி நிற்கும். வேலியின் அடியில் காற்று வடிய ஓர் இடைவெளி விடுவது சில தோட்டங்களில் துணி போர்த்துவதைவிட அதிகம் உதவுகிறது.

சரி, போர்த்தியது ஏன் பலிக்கவில்லை? துணி தானாக எந்தச் சூட்டையும் உண்டாக்காது. அது செய்வதெல்லாம் மண்ணிலிருந்து மேலே வரும் சூட்டைச் செடியைச் சுற்றிப் பிடித்து வைப்பது. ஆப்பிள் மரத்தின் தலையில் துணியைப் போட்டு அடிமரத்தில் இறுக்கிக் கட்டினால், அது குச்சியில் செருகிய பலூன் மாதிரி நிற்கும். மண்ணின் சூடு உள்ளே வர வழியே இல்லை. உள்ளே இருக்கும் கிளைகளிலும் பூக்களிலும் அப்படியொன்றும் சேமிப்பும் இல்லை. துணி நாலா பக்கமும் தரை வரை தொங்க வேண்டும். விளிம்பு காற்றில் தூக்காதபடி கல்லோ கட்டையோ மண்ணோ வைத்து அழுத்த வேண்டும். பெரிய மரத்துக்கு இது முடியாத காரியம். தலைக்கு மேல் போகும் மரத்தைப் போர்த்த ஏணி போட்டு இருட்டில் போராடாதீர்கள். பூவைவிட உங்கள் இடுப்பு முக்கியம்.

பிளாஸ்டிக் தாளில் இரண்டு சங்கடம். மெல்லிய பாலிதீன் காற்றைத் தடுக்கும், ஆனால் மண் விடும் அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். உள்பக்கம் நீர்த்துளி படிந்தால் ஓரளவு தடுக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, தாள் இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடத்தில் இலை நேராக அந்தக் குளிர்ந்த தாளுக்குச் சூட்டை இழக்கும். உங்கள் நாற்றுகளின் மேல் இலைகள் மொத்தமாகக் கருகி, கீழ் இலைகள் கொஞ்சம் பிழைத்திருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக்தான் கையில் இருக்கிறது என்றால் வளைவுக் கம்பியோ குச்சியோ நட்டு அதன் மேல் போடுங்கள். செடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பழைய துணி இருந்தால் இன்னும் நல்லது.

தோட்டக்காரர்கள் ஃப்ளீஸ் என்று சொல்லும் நெய்யாத வெள்ளைத் துணி இதற்கென்றே வருவது. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள மெல்லிய வகை ஒன்று, இரண்டு டிகிரி காப்பாற்றும். 30 கிராம் வகை 2 முதல் 4 டிகிரி வரை. விற்பவர்கள் சொல்லும் பெரிய எண்களை நம்பிவிட வேண்டாம். அந்தப் பலன் மண்ணில் எவ்வளவு சூடு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நடுவே கொஞ்சம் காற்று இருக்கும்படி இரண்டு அடுக்காகப் போடுவது ஒரே கனத்த துணியைவிட மேல். பழைய படுக்கை விரிப்பு, போர்வை, சாக்கு, கவிழ்த்த அட்டைப்பெட்டி, நாற்றுக்கு மேல் கவிழ்த்த வாளி எல்லாமே ஓர் இரவுக்குப் போதும். எதுவானாலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது அது இன்னும் குளிரும். நேரமும் முக்கியம். இருட்டி, குளிர்ந்த பிறகு ஞாபகம் வந்து போர்த்தினால் போன சூடு போனதுதான். வெயில் இறங்கும் முன், மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடிவிடுங்கள். காலையில் காற்று உறைநிலைக்கு மேலே ஏறியதும் எடுத்துவிடுங்கள், முக்கியமாகப் பூத்த செடிகளில். பகல் முழுக்க மூடியே இருந்தால் தேனீ உள்ளே வராது. உறைபனியிலிருந்து தப்பிய பூ மகரந்தம் சேராமல் வீணாகும்.

இனி மண். வீட்டுத் தோட்டத்தில் ஆட்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான், செலவே இல்லாத இடமும் இதுதான். ஈரமான, கெட்டிப்பட்ட, வெறும் மண் பகலில் நிறைய சூட்டை வாங்கி இரவில் திருப்பித் தரும். காய்ந்து பொலபொலவென்று கிடக்கும் மண்ணில் காற்று நிறைய; சூடு ஆழத்துக்குப் போகவும் செய்யாது, ஆழத்திலிருந்து வரவும் செய்யாது. அதனால் உறைபனி வரும் என்று தெரிந்தால் ஒரு நாள் முன்னதாக, காலையிலேயே, மேல் ஓரடி மண் நனையும்படி தண்ணீர் விடுங்கள். அன்றைய வெயில் அந்த ஈரத்தைச் சூடாக்கட்டும். அன்றைக்குப் பார்த்து மண்ணைக் கொத்திக் கிளறாதீர்கள். மரத்தடியில் உயரமாக வளர்ந்த புல்லும் களையும் வெயிலை மண்ணுக்குப் போகவிடாது. அவற்றைக் குட்டையாக வெட்டி வைப்பது பூ இருக்கும் உயரத்தில் ஒரு டிகிரி வரைகூட உதவலாம்.

மூடாக்கு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். வைக்கோல் மூடாக்கு மண்ணையும் வேரையும் குளிரிலிருந்து காக்கும், உண்மை. ஆனால் மண்ணின் சூட்டை உள்ளேயே அடைத்து வைப்பதால், மூடாக்குக்கு மேலே இருக்கும் காற்றும் பூவும் வெறும் மண்ணில் இருப்பதைவிட அதிகமாகக் குளிரும். நீங்கள் ஸ்ட்ராபெர்ரிச் செடிகளைச் சுற்றி முன்கூட்டியே வைக்கோல் பரப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். காய் மண்ணில் படாமல் இருக்க அது நல்ல வழக்கம்தான், உறைபனி அபாயம் போன பிறகு பரப்பினால். அவசரத்துக்கு, அதே வைக்கோலை இரவில் செடிகளின் மேலேயே தூவி மூடிக் காலையில் ஒதுக்கிவிடலாம். அப்போது அது நமக்காக வேலை செய்யும். நடுவில் கறுத்துப்போன ஸ்ட்ராபெர்ரிப் பூ இனி காய்க்காது. இதழ் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் சரி, கறுத்த அந்த நடுப்பகுதிதான் பழமாக வேண்டியது. ஆனால் அதே செடியில் இறுக்கமாக மூடியிருந்த மொட்டுகள் மைனஸ் 5 வரைகூடத் தாங்கியிருக்கும், விரிந்த பூவோ மைனஸ் 1-லேயே போய்விடும். அதனால் ஸ்ட்ராபெர்ரியில் முதல் பூக்கள் போனாலும் விளைச்சல் முழுவதும் போவதில்லை.

தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைச் செடிப் பக்கத்தில் வைத்தால் காப்பாற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி குளிரும்போது 4.2 கிலோஜூல் விடுகிறது. 20 லிட்டர், 15 டிகிரியிலிருந்து உறைநிலைக்கு இறங்கினால் சுமார் 1,260 கிலோஜூல். ஒரு சதுர மீட்டர் தரை 70 வாட் வீதம் பத்து மணி நேரம் இழந்தால் 2,520 கிலோஜூல். ஆக, சதுர மீட்டருக்கு 20 லிட்டர் வைத்தால்தான் அன்றைய இழப்பில் பாதியை ஈடுகட்டும். துணிக்கு உள்ளே வைத்தால் இழப்பே குறைவு என்பதால் பங்கு இன்னும் கூடும். திறந்த வெளியில் இரண்டு பாட்டில் வைப்பது மனத் திருப்திக்குத்தான். துணிக்கு உள்ளே பழைய இழை பல்பு ஒன்று 40 வாட் எரிந்தால் சின்ன மரத்துக்கு நல்ல பலன் உண்டு. எல்இடி விளக்கில் அந்தச் சூடு கிடைக்காது. ஆனால் வெளியில் நனைந்தாலும் பாதுகாப்பான ஒயரும் ஹோல்டரும் இருந்தால், பல்பு துணியைத் தொடாமல் நின்றால் மட்டுமே இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

எதைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. எல்லாச் செடியும் ஒரே குளிரில் சாவதில்லை. முட்டைக்கோஸ், கேல், வெங்காயம், பூண்டு, பசலைக்கீரை, இளம் பட்டாணிச் செடி எல்லாம் லேசான உறைபனியைக் கண்டுகொள்ளாது; பட்டாணியில் பூவும் பிஞ்சும் வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் கவனம். உருளைக்கிழங்கின் தளிர் கருகும், ஆனால் மண்ணுக்குள்ளிருந்து மறுபடி துளிர்க்கும். தளிர் சின்னதாக இருக்கும்போது மண்ணை அணைத்து மூடிவிட்டால் அதுவும் கருகாது. தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரி, பூசணி வகைகளுக்குத்தான் உறைபனி ஆகவே ஆகாது. இவற்றுக்கு உறைய வேண்டிய அவசியம்கூட இல்லை; பத்து டிகிரிக்குக் கீழே பல இரவுகள் தொடர்ந்தாலே வளர்ச்சி நின்று முகம் வாடிவிடும். அதனால் இவற்றை இரண்டு வாரம் முன்னதாக நட்டு லாபம் பெரிதாக இல்லை. பிறகு நட்ட நாற்று பெரும்பாலும் முன்னால் நட்டதைப் பிடித்துவிடும். "கடைசி உறைபனி நாள்" என்று அட்டவணைகளில் இருக்கும் தேதி பல வருடங்களின் சராசரி. அதாவது ஏறக்குறைய பாதி வருடங்களில் அதற்குப் பிறகும் உறைபனி வரும். அந்தத் தேதியைப் பச்சைக்கொடியாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் ஏமாறும் இடம். வீட்டுக்குள் வளர்த்த நாற்றை ஏழு முதல் பத்து நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கிவிட்டு நடுங்கள். பழக்கினால் முட்டைக்கோஸ் வகைகளுக்குக் குளிர் தாங்கும் சக்தி நன்றாகவே கூடும். தக்காளிக்கு நடவு அதிர்ச்சி குறையும், உறைபனியைத் தாங்கும் சக்தி மட்டும் வந்துவிடாது.

பழமரங்களில் மொட்டு விரிய விரியத் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே வரும். ஆப்பிள் மொட்டு வீங்கி, நுனியில் வெள்ளி நிறம் காட்டத் தொடங்கும் ஆரம்பக் கட்டத்தில் மைனஸ் 9 வரை பெரிய சேதம் இல்லை. முழுதாகப் பூத்த பிறகு, அரை மணி நேரம் மைனஸ் 2.2 இருந்தால் பத்தில் ஒரு பூ போகும், மைனஸ் 3.9 என்றால் பத்தில் ஒன்பது. பீச்சுக்கு முழுப் பூவில் இதே அளவுகள் மைனஸ் 2.8, மைனஸ் 4.4. இந்த எண்கள் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஆய்வுகளிலிருந்து வந்து உலகமெங்கும் பழத்தோட்டக்காரர்கள் பயன்படுத்துபவை. ரகம், மரத்தின் நிலை, முந்தைய நாட்களின் குளிர் இவற்றைப் பொறுத்து அரை டிகிரி, ஒரு டிகிரி முன்பின் ஆகலாம். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, 10 விழுக்காட்டுக்கும் 90 விழுக்காட்டுக்கும் நடுவே வெறும் 1.7 டிகிரிதான் என்பது. மெல்லிய துணி தரும் அந்த ஒன்றரை, இரண்டு டிகிரி ஏன் அற்பமில்லை என்பது இங்கேதான் புரியும். இன்னொரு ஆறுதல்: ஆப்பிள் மரம் நன்றாகப் பூத்திருந்தால், அதில் இருபதில் ஒரு பூ காயானாலே முழு விளைச்சல். பாதிப் பூ போனது என்று பதறத் தேவையில்லை.

பெரிய தோட்டங்களில் இரவு முழுக்கத் தண்ணீர் தெளித்து மரத்தையே பனிக்கட்டியால் மூடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது வித்தை இல்லை. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் விடுகிறது. உறைந்துகொண்டே இருக்கும்வரை பூவின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதாவது, ஆவியாகும் ஒவ்வொரு கிராமுக்கும் ஏழு, எட்டு கிராம் உறைந்தாக வேண்டும். தெளிப்பு குறைந்தாலோ, நடுவில் நின்றாலோ, வறண்ட காற்று வீசினாலோ, தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகும். குளிர் தொடங்கும் முன் ஆரம்பித்து, காலையில் பனிக்கட்டி உருகத் தொடங்கும் வரை நிறுத்தவே கூடாது. கிளை எடை தாங்காமல் முறியும் அபாயமும் உண்டு. தோட்டக்குழாயைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நிற்க முடியாது. வீட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. விடியற்காலையில் உறைந்த இலைகள் மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவினால் பிழைக்கும் என்பதும் உறுதியாக நிரூபணமான விஷயம் இல்லை. பனிக்கட்டி ஏற்கெனவே திசுவுக்குள் உருவாகியிருந்தால் கழுவி ஆகப்போவது ஒன்றுமில்லை.

புகை மூட்டத்தைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம்: பயனில்லை. புகைத்துகள்கள் மிகச் சிறியவை; மண் விடும் நீண்ட அலைக் கதிரை அவை தடுக்காது. தீ மூட்டிய இடத்தில் ஏதாவது பலன் தெரிந்தால் அது நெருப்பின் சூட்டால் வந்தது. கடற்பாசிச் சாறு, பொட்டாஷ், சர்க்கரைக் கரைசல் என்று உறைபனிக்கு முன் தெளிக்கச் சொல்லும் மருந்துகளில் சிலவற்றுக்குச் சில சோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது, வேறு சோதனைகளில் தெரியவில்லை. அவற்றை நம்பித் துணியைப் போர்த்தாமல் விடாதீர்கள். இதில் ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. செடிக்குள் இருக்கும் நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் உறைந்தே தீர வேண்டும் என்பதில்லை. பனிக்கட்டி உருவாக ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். இலை மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்ஜே என்ற பாக்டீரியா அந்தத் தொடக்கப்புள்ளியாக வேலை செய்கிறது. கலிபோர்னியாவில் ஸ்டீவன் லிண்டோவும் உடன் ஆய்வாளர்களும் அந்தத் திறனுக்கான மரபணுவை நீக்கிய வகையை உருவாக்கினார்கள். 1987-இல் அதை ஸ்ட்ராபெர்ரி வயலில் தெளித்துப் பார்த்தது, மரபணு மாற்றிய நுண்ணுயிரை அனுமதியோடு திறந்த வெளியில் விட்ட முதல் சோதனைகளில் ஒன்று. அப்போது எதிர்ப்பும் பலமாக இருந்தது. அந்த வகை விற்பனைக்கு வரவே இல்லை. யோசனை சரியானதுதான் என்றாலும், நம் கைக்கு எட்டும் கருவி அல்ல.

வெயில் படும் சுவரை ஒட்டி மரத்தை வளர்ப்பது நிச்சயம் உதவும். சுவர் பகல் சூட்டைச் சேமிக்கும். மேலே ஒரு கூரை நீட்டல் இருந்தால் வானத்துக்குப் போகும் இழப்பும் குறையும். பீச்சில் அந்தக் கூரை மழையையும் தடுப்பதால் இலைச்சுருட்டை நோய்கூடக் குறையும். காலை வெயில் நேராகப் படும் பக்கத்தில் நடக்கூடாது, வேகமாக உருகினால்தான் சேதம் என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. பல புத்தகங்களில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான சேதம் உறையும்போதே முடிந்துவிடுகிறது என்பதே என் எண்ணம். சுவரின் ஒரே குறை, சூட்டால் மரம் முன்னதாகப் பூத்துவிடும். முன்னதாகப் பூப்பதுதான் இப்போது எல்லோருக்கும் தலைவலி. 2021 ஏப்ரலில் பிரான்சில் திராட்சையும் பழமரங்களும் பெரிய அளவில் கருகியதற்குக் காரணம் குளிர் மட்டும் அல்ல, அதற்கு முந்தைய மார்ச் மாதத்தின் வெப்பத்தில் மொட்டுகள் அவசரப்பட்டு விரிந்திருந்ததும்தான். உலகம் சூடாகிறது, இனி உறைபனிக் கவலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். புது மரம் வைப்பதாக இருந்தால் தாமதமாகப் பூக்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். அது எந்தத் துணியைவிடவும் நீடித்த பாதுகாப்பு.

கடைசியாக, நடந்தது நடந்துவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்டதற்கு. வெள்ளரியில் குருத்து செத்திருந்தால் காத்திருக்காமல் மறுபடி விதையுங்கள். தக்காளியில் தண்டின் அடி கெட்டியாகவும் பச்சையாகவும் இருந்தால் இலைக்கக்கத்திலிருந்து புதுக்கிளை வரும். ஆனாலும் கையில் உபரி நாற்று இருந்தால் புதிதாக நடுவதே மேல். மரத்தில் கருகிய தளிர்களை உடனே வெட்ட வேண்டாம். எது பிழைத்தது என்பது இரண்டு மூன்று வாரத்தில் தெளிவாகும். ஆப்பிள் பூவைப் பொறுத்தவரை, பூ வெள்ளையாக இருந்தது என்பது எதையும் சொல்லாது. உறைபனிக்கு அடுத்த நாள் மதியம் சில பூக்களை நடுவில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் உண்டு, பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் இல்லை. நீங்கள் வெட்டிப் பார்க்காததால், உங்கள் மரத்தில் காய் பிடிக்காததற்கு உறைபனிதான் காரணம் என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பூத்த வாரம் முழுக்கக் குளிராக இருந்து தேனீ வராததாலும், பக்கத்தில் ஒத்துப்போகும் வேறு ஆப்பிள் ரகம் இல்லாததாலும் இதேதான் நடக்கும். எதுவானாலும், காயில்லாத வருடத்தில் மரம் தன் பலத்தையெல்லாம் கிளைக்கும் அடுத்த வருட மொட்டுக்கும் செலவிடும். அதனால் இந்த வருடம் தழைச்சத்து உரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அளவுக்கு மிஞ்சிப் பூக்கும். அப்போது பிஞ்சுகளைக் கொத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் அதற்கடுத்த வருடம் உறைபனியே வராவிட்டாலும் மரம் பூக்காமல் நிற்கும்.